மரத்துப்போச்சு: வலிக்கலைன்னா நல்லதுதானா?

இன்னைக்கு எபிசோடுக்கு ஒரே ஒரு சொல்: மரத்துப்போச்சு.

ரொம்ப நேரம் சம்மணம் போட்டு உட்கார்ந்தா கால் மரத்துப்போகும். பல் பிடுங்குறதுக்கு முன்னாடி டாக்டர் மரத்துப்போக ஊசி போடுவார். அடி மேல அடி வாங்கினவங்க, 'மனசே மரத்துப்போச்சு'ம்பாங்க. ஆனா மாத்திரை போட்டு தலைவலி சரியானா, 'தலை மரத்துப்போச்சு'ன்னு யாராவது சொல்றோமா? 'வலி போயிடுச்சு'ன்னுதான் சொல்றோம். வலி போறது வேற, வலியை உணர்ற சக்தியே போறது வேற.

வேலூர் பக்கம் 'வலிக்குது'ங்கிறதை 'நோவுது'ன்னும் சொல்வாங்க. நோவு, நோய் ரெண்டுக்கும் வேர் ஒண்ணுதான். நோய்னா நோகணும்! ஆனா நோகாமலே உடம்பைக் கெடுக்கிற நோய் ஒண்ணு இருக்கு: தொழுநோய்.

கொல்லிமலையில 1914-ல பிறந்த டாக்டர் பால் பிராண்ட், 1946-ல வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார். தொழுநோய் வந்தா விரல் தானா அழுகி விழுந்துடும்னு நம்பின காலம் அது. அவரும் அவரோட குழுவும் பார்த்தது வேற. கிருமி நரம்பைத் தாக்குது, கை கால் மரத்துப்போகுது. அப்புறம் கொதிக்கிற பாத்திரத்தைப் பிடிச்சாலும் தெரியாது. முள் குத்தினாலும் நடந்துட்டே இருப்பாங்க. விரலைப் பறிச்சது கவனிக்காம விட்ட காயங்கள். தூக்கத்துல எலி கடிச்சதுகூடத் தெரியாதவங்க இருந்திருக்காங்க. அதனால அவங்களுக்குப் பூனை கொடுத்து அனுப்பினாங்களாம்.

ஆம்பூர், ராணிப்பேட்டைன்னா நமக்கு லெதர் ஷூ ஞாபகம் வரும். அதே வட்டாரத்துல, 1955-ல தொடங்கின கரிகிரி தொழுநோய் மருத்துவமனையில வேற மாதிரி செருப்பு செஞ்சாங்க. உள்ள எம்.சி.ஆர்.ங்கிற மெத்துன்னு இருக்கிற ரப்பர். ஆணி கிடையாது, ஒட்டுறதுதான். ஆணி கிளம்பி வந்து குத்தினா, போட்டிருக்கிறவருக்குத் தெரியாதே! நமக்கு ஷூ கடிச்சா உடனே கழட்டிடுவோம். அவங்களுக்கு அந்த எச்சரிக்கை வராது.

இன்னைக்கு இதே எம்.சி.ஆர். செருப்பை சர்க்கரை நோயாளிகள் போடுறாங்க. சர்க்கரையும் வருஷக்கணக்குல பாதத்து நரம்பைக் கெடுக்கும். அதனால வீட்டுல அப்பா அம்மாவுக்குச் சர்க்கரை இருந்தா, 'கால் வலிக்குதா?'ன்னு மட்டும் கேட்காதீங்க. 'வலியெல்லாம் இல்லப்பா'ன்னு நிம்மதியா சொல்லிடுவாங்க. 'செருப்பு கழண்டது தெரியாம நடந்திருக்கீங்களா? தரை பஞ்சு மாதிரி இருக்கா?'ன்னு கேளுங்க. ராத்திரி ஒரு தடவை உள்ளங்காலைப் பாருங்க. விரல் இடுக்கையும் பாருங்க. சின்னப் புண்ணு இருந்தாலும் டாக்டர்கிட்ட காட்டுங்க.

தோல்ல உணர்ச்சியில்லாத தேமல் தெரிஞ்சாலும் அப்படித்தான். தொழுநோய்க்கு அரசு மருத்துவமனையில மருந்து இலவசம், முழுசா குணமாகும். சீக்கிரம் போனா கை கால் ஊனமாகாம தப்பிக்கலாம்.

யாராவது 'மரத்துப்போச்சு'ன்னா, 'எத்தனை நாளா?'ன்னு கேளுங்க. அடுத்த எபிசோடுல இன்னொரு சொல்லோட சந்திப்போம்.