சிலம்பை முதலில் உடைத்திருந்தால்...



எதிரணி நண்பர் ஆவேசமாகக் கேட்டார்: "போலீஸ் பிடிச்சுட்டாலே அவன் குற்றவாளிதானே? அப்புறம் எதுக்கய்யா வருஷக்கணக்கா வழக்கு, வாய்தா?" நீங்களும் கைதட்டினீங்க. நான் ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். கோவலனையும்தான் பிடிச்சாங்க! (சிரிப்பு)

கையில் சிலம்பு இருந்தது. 'திருடன்' என்றான் பொற்கொல்லன். புகார் கொடுத்தவனும் அவனே, சாட்சியும் அவனே, உண்மையான திருடனும் அவனே! பாண்டியன் விசாரிக்கவில்லை. கோவலன் உயிர் போன பிறகு கண்ணகி வந்து சிலம்பை உடைத்தாள். உள்ளே மாணிக்கம், அரசி சிலம்பிலோ முத்து. அந்தச் சிலம்பை முதலில் உடைத்துப் பார்த்திருக்க வேண்டியது யார்? கண்ணகியா? இல்லை ஐயா, குற்றம் சாட்டிய அரசு! (கைதட்டல்)

இன்றைக்கு அந்த வேலை அரசு வழக்கறிஞருடையது. அவர் போலீசுக்கு வக்கீல் இல்லை. நீதிமன்றம் உண்மையைக் காண உதவ வந்தவர். குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சாதகமான ஆதாரம் இருந்தாலும் அவர் மறைக்கக் கூடாது. 2024 ஜூலையில் சட்டங்களின் பெயர் மாறியது. நிரூபிக்கும் பொறுப்பு அரசுத் தரப்புக்கே என்பது மாறவில்லை.

காப்பியக் கதைன்னு தள்ளிடாதீங்க. 1944 தீபாவளிக்கு 'ஹரிதாஸ்' வந்தது. ஊரே பாகவதர் பாட்டில் மயங்கிக் கிடந்தது. டிசம்பரில், லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் பாகவதரும் கலைவாணரும் கைது. ஆயுள் தண்டனை! லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய்த் திரும்பிய வழக்கில், 1947-ல் சென்னை உயர் நீதிமன்றம் இருவரையும் விடுவித்தது. விடுதலை வந்தது, பாகவதருக்குப் பழைய புகழ் திரும்பி வந்ததா? பணமும் பேரும் உள்ளவருக்கே இந்தக் கதின்னா, ஏழைக்கு?

இன்னொண்ணு. நிரபராதி உள்ளே போகிற அன்றைக்கு, உண்மைத் திருடன் நிம்மதியாகத் தூங்குகிறான்! உங்க வீட்டுக்கும் அது ஆபத்து.

இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் கண்ணகி நகர். முகவரி சொன்னாலே வேலை தரத் தயங்குறாங்கன்னு அங்குள்ள பிள்ளைகள் வருத்தப்படுகிறார்கள். விசாரிக்காமல் தண்டித்ததை எதிர்த்து நீதி கேட்டவளின் பெயரை ஊருக்கு வைத்துவிட்டு, அந்த ஊர்ப் பிள்ளையை விசாரிக்காமலே சந்தேகப்படலாமா?

முதலில் சிலம்பை உடையுங்கள். அப்புறம் தீர்ப்பைச் சொல்லுங்கள்! (பலத்த கைதட்டல்)