அறுபதின் கணக்கு

மதுரைக்கு மேற்கே கீழக்குயில்குடியில், தாமரைக் குளத்தையும் அய்யனார் கோயிலையும் கடந்து, சமணர் மலைப் படிகளில் ஏறி, பேச்சிப்பள்ளத்துத் தீர்த்தங்கரர் சிற்பங்களைத் தரிசித்து இறங்கிவர ஒருவருக்கு 1 மணி 20 நிமிஷம் ஆயிற்று என்று வைத்துக்கொள்வோம். அது எத்தனை விநாடி?

கணினி நிரல் எழுதப் பழகுகிறவர்களுக்கு இதைவிட உசிதமான முதற்பாடம் இல்லை என்பது என் அபிப்பிராயம். மணியை 60ஆல் பெருக்கி, நிமிஷத்தைக் கூட்டுங்கள், 80 வருகிறது. அதை மீண்டும் 60ஆல் பெருக்குங்கள், 4800 விநாடி. பெருக்கு, கூட்டு, மறுபடியும் பெருக்கு. சூத்திரம் அவ்வளவே.

ஆனால், பைத்தான் என்னும் நிரல்மொழியில் ஒரு சூட்சுமம் உண்டு. விசைப்பலகையில் நாம் தட்டும் 2 என்பதைக் கணினி முதலில் எண்ணாகப் பாவிப்பதில்லை. வெறும் எழுத்தாகவே ஏற்கிறது. அதை அப்படியே 60ஆல் பெருக்கினால் 120 வராது. 2 என்னும் எழுத்தே வரிசையாக அறுபது முறை வந்து நிற்கும்! ஆகையால், எழுத்தை முதலில் எண்ணாக்க வேண்டும். பிறகே பெருக்க வேண்டும்.

நம் முன்னோரும் நாளை 60 நாழிகையாகவும், நாழிகையை 60 விநாழிகையாகவும் வகுத்திருந்தார்களாதலால், அதே முறை அவர்கள் கணக்குக்கும் பொருந்துகிறது. நாழிகையை 60ஆல் பெருக்கி, விநாழிகையைக் கூட்டி, ஒரு விநாழிகைக்கு 24 விநாடி வீதம் பெருக்கினால் போதும். வீட்டிலே பழைய ஜாதகம் இருந்தால், அதில் கண்ட உதயாதி நாழிகையை, அதாவது சூரியோதயம் முதல் எண்ணிய நாழிகையை, இன்று மாலை விநாடியாக மாற்றிப் பாருங்கள்.