பெயர் ஒன்று, வடிவம் பல

தமிழகத்தை விட்டுப் பிற மாநிலங்களில் குடியேறியிருக்கும் நம்மவர்க்குப் பெயரினால் நேரும் தொல்லை புதிதன்று. சண்முகம் என்பவர் பள்ளிச் சான்றிதழில் ஒரு விதமாகவும், வங்கிக் கணக்கில் வேறு விதமாகவும், ரேஷன் அட்டையில் மூன்றாவது விதமாகவும் எழுதப்படுகிறார். பெயரின் முன் நிற்கும் தலைப்பெழுத்து தந்தையாரைக் குறிப்பது என்பதை வடக்கே பலர் அறியார். அதனை விரித்துக் குடும்பப் பெயராக்கி விடுவர். மத்திய அரசு அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளராக அமர்ந்து, ஒரே பெயரை நாகரியிலும் ஆங்கில எழுத்திலும் மாற்றி எழுதிவரும் நாம் இதனை நன்கு அறிவோம். ஏடுகள் கணினிக்குள் சென்றபின் தொல்லை மறையவில்லை, இடம் மாறியிருக்கிறது. ஓய்வூதியமாயினும் இடமாற்றமாயினும், 'இப்பெயருடையார் எவரும் இலர்' என்று பதிவேடு விடை கூறிவிட்டால் கோப்பு அவ்விடத்திலேயே நின்றுவிடும். ஆகவே அது எவ்வாறு தேடுகிறது என்பதைக் கலை பயின்ற நம் போன்றோரும் சிறிது அறிந்துகொள்வது தகும்.

இக்காலப் பதிவேடுகளிற் பல உறவுநிலைத் தரவுத்தளங்கள் எனப்படும். ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய எட்கர் காட் என்பார் 1970இல் வெளியிட்ட கட்டுரையே அவற்றுக்கு அடிப்படை. செய்திகள் அட்டவணைகளாக அமையும். ஒருவருக்கு ஒரு நிரை, ஒரு வகைச் செய்திக்கு ஒரு நிரல். ஒரு கட்டத்தில் ஒரே மதிப்பு என்பது காட் வகுத்த ஒழுங்கு. அதன்படி, சண்முகத்தின் நான்கு பெயர் வடிவங்களைத் தனி அட்டவணை ஒன்றில் நான்கு நிரைகளாக எழுத வேண்டும். ஆயினும் ஒரே கட்டத்துள் பல மதிப்புகளை வரிசையாக அடுக்கும் வசதியும் பின்னர் வந்தது. அதற்கு அணி என்று பெயர். எஸ்.கியூ.எல். மொழியின் 1999ஆம் ஆண்டுத் தரநிலை அதனை ஏற்றுக்கொண்டது. பெர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் 1986இல் தொடங்கிய முயற்சியின் வழிவந்த போஸ்ட்கிரஸ் என்னும் தரவுத்தளம் அணிகளைச் செவ்வையாகக் கையாள்கிறது. எந்த வடிவம் எந்த ஆவணத்தில் கண்டது என்றெல்லாம் குறிக்க வேண்டுமாயின் காட் சொன்ன தனி அட்டவணையே நன்று என்பது நம் கருத்து. வடிவங்கள் மட்டும் போதுமாயின் அணி எளிது.

இனித் தேடும் முறை. எல்லா வடிவங்களையும் காற்புள்ளியிட்டு ஒரே தொடராக எழுதிவைத்து, அதனுள் 'ராமன்' என்ற துண்டைத் தேடுவாரும் உளர். அப்போது ஜெயராமனும் வருவார், சிவராமனும் வருவார், வெங்கட்ராமனும் வருவார்! அணியில் ஒவ்வொரு பெயரும் தனித்தனியே நிற்பதால் இக்குழப்பம் இல்லை. போஸ்ட்கிரஸில் இரு வகையாக வினவலாம். 'எனி' என்னும் சொல்லைக் கொண்டு, 'இவ்வணியில் ஏதேனும் ஒன்று ராமனுக்குச் சமமோ?' என்று கேட்பது ஒன்று. 'இவ்வணி ராமனை உள்ளடக்கியதோ?' என்பது மற்றொன்று. விடை ஒன்றே, உழைப்பு ஒன்றன்று. நூலின் இறுதியில் எச்சொல் எப்பக்கத்தில் என்று காட்டும் சொல்லடைவு இருப்பதுபோல, அணிகளுக்கு 'ஜின்' என்னும் சுட்டு அட்டவணை ஒன்று அமைக்கலாம். இரண்டாவது வினா அதனைப் பயன்படுத்தும். முதலாவது, நிரலிலுள்ள அணியை நோக்கிக் கேட்கப்படும்போது, அதனைப் பயன்படுத்தாது. ஒவ்வொரு நிரையாகப் படித்துக்கொண்டே போகும். சில நூறு பெயர்களில் வேற்றுமை தெரியாது. பல லட்சம் பெயர்களில், சாளரத்தின் முன் நிற்பவர் அதனை உணர்வார்.

பெயர்கள் மாநிலவாரியாகத் தனித்தனி அட்டவணைகளில் இருப்பின், எதனைத் தேடுவது என்பது கேட்பவர் வந்த பின்னரே தெரியும். அப்போது கட்டளையை முன்கூட்டியே எழுதிவைத்தல் இயலாது. வேண்டியபோது சொற்களைக் கோத்து 'எக்ஸிக்யூட்' என்று ஏவ வேண்டும். இதுவே இயங்குநிலைக் கட்டளை. இங்குதான் இடர் மிகுதி. மும்பையிலும் கோவாவிலும் வாழும் நேயர்கள் டி'சூசா என்ற பெயரை அறிவர். கட்டளையில் ஒரு மதிப்பு எங்கே முடிகிறது என்பதைக் காட்டுவதும் அதே மேற்குறிதான். பெயரை அப்படியே கட்டளைக்குள் ஒட்டினால், 'டி' என்றவுடன் பெயர் முடிந்ததாகக் கணினி கொள்ளும். எஞ்சிய 'சூசா' பொருளற்ற கட்டளையாகிப் பிழை வரும். டி'சூசாவுக்குப் பதிலாக ஒரு தீயவன் மேற்குறியை இட்டு, அதன்பின் தன் கட்டளையையே எழுதிவிட்டால்? கணினி அதனையும் நிறைவேற்றும். 2015 அக்டோபரில் பிரிட்டனின் டாக்டாக் நிறுவனத்தில் இத்தகைய வழியாய் நுழைந்தவர்கள் ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட வாடிக்கையாளரின் விவரங்களைக் கவர்ந்தனர். 2016இல் அந்நிறுவனத்துக்கு 4,00,000 பவுன் அபராதம் விதிக்கப்பட்டது.

காப்பு மிக எளியது. கட்டளையில் பெயர் வரவேண்டிய இடத்தில் ஓர் எண்குறி மட்டும் இட்டு, பெயரை 'யூஸிங்' என்னும் சொல் வழியே தனியாக அனுப்ப வேண்டும். அவ்வாறு வந்ததைக் கணினி வெறும் பெயராகவே கொள்ளும். கட்டளையாக ஒருபோதும் படிக்காது. ஆனால் அட்டவணையின் பெயரை இவ்வழியில் அனுப்ப இயலாது. அதனை 'ஃபார்மட்' என்னும் செயற்கூறு கொண்டு உரிய மேற்கோளுக்குள் அமைக்க வேண்டும்; அதற்கு முன், அனுமதிக்கப்பட்ட அட்டவணைகளுள் அதுவும் ஒன்றோ என்று ஒப்பு நோக்குதல் இன்றியமையாதது. இவ்வளவும் செய்யச் சில வரிகளே ஆகும். சோம்பல் ஒன்றைத் தவிர வேறு தடை இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை.

நம் சண்முகத்துக்குப் பயன்படும் செய்தி இன்னொன்று உண்டு. அவர் தம் பெயருக்கு அறிந்த வடிவங்கள் அனைத்தையும் கூறினால், அவற்றை ஓர் அணியாக்கி, ஒரே மதிப்பாகத் தனியே அனுப்பலாம். 'இவ்வணிக்கும் பதிவேட்டின் அணிக்கும் பொதுவான உறுப்பு ஒன்றேனும் உண்டோ?' என்று வினவ வழி உள்ளது. ஜின் அட்டவணையும் இதற்குத் துணை நிற்கும். நான்கில் ஒன்று பொருந்தினாலும் அவர் அகப்படுவார். தமிழிலேயே பெயர்களைப் பதிவோர் மட்டும் ஒன்று கவனிக்க வேண்டும். கோபால் என்பதன் முதலெழுத்தைக் கணினியில் இரு வகையாகச் சேமிக்கலாம்: ஓகாரக் குறி முழுவதையும் ஒரே குறியீடாக வைப்பது ஒன்று, இரட்டைக் கொம்பையும் காலையும் தனித்தனியே வைப்பது மற்றொன்று. திரையில் இரண்டும் ஒன்றே. ஒப்பிடும் இயந்திரத்துக்கோ இருவேறு பெயர்கள். 2020இல் வெளிவந்த போஸ்ட்கிரஸ் 13ஆம் பதிப்பு முதல் இவற்றை ஒருமுகப்படுத்தும் செயற்கூறு ஒன்று உள்ளது. பெயரைப் பதியும்போது ஒரு முறையும், தேடும்போது ஒரு முறையும் அதனைப் பயன்படுத்த வேண்டும்.