தொட்டுப் படித்தால்தான் தொழில்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"பத்து நிமிஷத்துக்கு மேல் போகக்கூடாது" என்று செயலாளர் அண்ணன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பழகியவனுக்கு மைக்கைக் கண்டால் கால் நடுங்கத்தான் செய்கிறது. ஆகவே நான் செய்த ஒரு தப்பை மட்டும் சொல்லிவிட்டு இறங்கிவிடுகிறேன்.

ராமன் விளைவைப் பற்றி இந்த அவைக்கு விளக்கத் தேவையில்லை. திருச்சி திருவானைக்காவலில் 1888-இல் பிறந்த சர் சி.வி. ராமன், கே.எஸ். கிருஷ்ணனோடு சேர்ந்து 1928-இல் கல்கத்தாவில் கண்டறிந்தது. 1930-இல் நோபல் பரிசு. நமக்கெல்லாம் அது பத்து மார்க் கேள்வி. நானும் எழுதி எட்டு மார்க் வாங்கினேன். ஆனால் ராமன் நுண்ணோக்கி ஒன்றைக் கையால் தொட்டது வேலைக்குப் போன பிறகுதான்.

ஒரு பொருளின் மேல் லேசர் ஒளியைப் பாய்ச்சினால், சிதறி வருகிற ஒளியில் ஏறக்குறைய கோடியில் ஒரு பங்குதான் நிறம் மாறி வரும். அந்தத் துளி ஒளி, உள்ளே அணுக்கள் எப்படி அதிர்கின்றன என்பதைச் சொல்லிவிடும். ஆளுக்கொரு கைரேகை மாதிரி, பொருளுக்கொரு நிறமாலை. நுண்ணோக்கியோடு சேர்த்துவிட்டால், ஒரு மைக்ரான் அளவுப் புள்ளியில் இருப்பது என்ன என்றுகூடப் பார்த்துவிடலாம்.

சில வருஷங்களுக்கு முன், ஓர் ஆலையின் பாய்லர் குழாயிலிருந்து வெட்டிய துண்டு என் மேஜைக்கு வந்தது. பாய்லர் குழாயின் உட்புறத்தில் மேக்னடைட் என்னும் கறுப்பு இரும்பு ஆக்சைடு மெல்லிய தோலாகப் படிந்து குழாயைக் காக்கும். அந்த இடத்தில் ஹெமடைட் என்னும் சிவப்பு ஆக்சைடு தெரிந்தால், தண்ணீரில் ஆக்சிஜன் புகுந்துவிட்டதோ என்று சந்தேகப்படுவார்கள். நான் துண்டை வைத்தேன், பட்டனை அழுத்தினேன். 225, 292, 411 என்ற அலைஎண்களில் அழகழகாக முகடுகள் வந்தன. அச்சு அசல் ஹெமடைட்! அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்த ஆலையில் தண்ணீர் பார்க்கிற கெமிஸ்டுக்கு மெமோ போனது. ஓய்வு பெற மூன்று வருஷமே இருந்த மனிதர்.

அடுத்த வருஷம் ஐந்து நாள் செய்முறைப் பயிற்சி ஒன்றுக்குப் போனேன். முதல் நாளே பயிற்சியாளர், "ஸ்லைடு பார்த்தது போதும் தம்பி, நீங்களே வந்து உட்காருங்க" என்றார். ஒரு டப்பாவிலிருந்து கறுப்புப் பொடியைக் கிள்ளி வைத்தார். நான் வழக்கம்போல முழு பவரில் எடுத்தேன். ஹெமடைட் வந்தது.

"சார், டப்பாவில் மேக்னடைட் என்று எழுதியிருக்கே, லேபிள் மாறிடுச்சா?" என்றேன்.

"லேபிள் சரிதான். லேசர் பட்ட இடத்தைப் பாருங்க" என்றார்.

பார்த்தேன். கறுப்புப் பொடியில் சின்னதாக ஒரு செம்புள்ளி. என் லேசர்தான் மேக்னடைட்டைச் சுட்டு ஹெமடைட்டாக்கியிருந்தது! ஒரு மில்லிவாட்தானே என்று நினைக்கிறோம். அதை ஒரு மைக்ரானுக்கும் குறைந்த புள்ளியில் குவித்தால், உச்சிவெயிலைப் போல இருபது லட்சம் மடங்குக்கும் மேல் உக்கிரம். பவரை நூறில் ஒரு பங்காக்கி, நேரத்தைக் கூட்டி, வேறிடத்தில் எடுத்தேன். 670-க்குப் பக்கத்தில் மேக்னடைட்டின் அகலமான முகடு எழுந்தது. எனக்கு வியர்த்துவிட்டது. பாய்லர் குழாய் ஞாபகம் வந்தது.

மீதி நாட்களில் கற்றதெல்லாம் இப்படிச் சின்னச் சின்ன விஷயங்கள்தான். காலையில் முதல் வேலையாகச் சிலிக்கான் துண்டை வைத்து, அதன் கோடு 520.5-இல் விழுகிறதா என்று சரிபார்க்க வேண்டும். ஊசி மாதிரி ஒற்றைக் கோடு எழுந்தால் சந்தோஷப்படாமல் மறுபடி எடுக்க வேண்டும். அது வானிலிருந்து வந்த காஸ்மிக் கதிராக இருக்கலாம். விரல் அழுக்குப் பட்டால் பொருள் ஒளிர்ந்து முகடுகளையே மூடிவிடும். இவையெல்லாம் புத்தகத்திலும் உண்டு. ஆனால் நாமே ஒரு தடவை கெடுத்துப் பார்த்தால்தான் மண்டையில் ஏறும்.

ஊர் திரும்பியதும் அந்தக் குழாய்த் துண்டைத் தேடி எடுத்துக் குறைந்த பவரில் மறுபடி பார்த்தேன். மேக்னடைட்! தப்பு என்னுடையது என்று எழுதிக் கொடுத்தேன். மெமோவை ரத்து செய்தார்கள். ஆனால் அவர் இழந்த அந்த வருஷ இன்கிரிமென்ட் போனது போனதுதான். நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். "மெஷின் சொன்னதைத்தானே தம்பி எழுதினீங்க" என்றார். அந்த வார்த்தைதான் இன்னும் உறுத்துகிறது. மெஷின் சொன்னது நான் கேட்ட விதத்துக்கான பதில். கேட்கத் தெரியாமல் கேட்டது நான்.

நம் துறையிலும் இப்போது ராமன் நுண்ணோக்கி ஒன்று வந்திருக்கிறது என்று அறிந்து மகிழ்கிறேன். பேராசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். விலை உயர்ந்த கருவிதான், இல்லையென்று சொல்லவில்லை. என்றாலும் பூட்டி வைத்துக் கண்ணாடி வழியாகக் காட்டாதீர்கள். லேசர் கண்ணாடி போட வைத்து, பக்கத்திலேயே நின்று, ஒவ்வொரு மாணவனும் மாணவியும் ஒரு துளிப் பொருளையாவது சுட்டுக் கெடுத்துப் பார்க்க விடுங்கள். பொடி போனால் கிள்ளி வைத்துக்கொள்ளலாம்.

நண்பர்களே, உங்களுக்கும் ஒன்று. உங்கள் ஆலையில் கழித்துப் போடுகிற துருப்பிடித்த துண்டு, உரிந்த பெயிண்ட், உடைந்த பிளாஸ்டிக் எதுவானாலும் துறைக்கு அனுப்பி வையுங்கள். மாதம் ஒரு சனிக்கிழமை வந்து சொல்லிக்கொடுக்க நான் தயார். என்னோடு யார் வருகிறீர்கள்? சாப்பாட்டுக்குப் போகும் முன் பெயர் கொடுங்கள்.