எல்லைப்புற மக்களும் நீதிமன்ற ஆவணங்களும்

வழக்கில் வென்றவருக்கும் தோற்றவருக்கும் ஒருசேரத் தேவைப்படுவது தீர்ப்பின் நகல். வென்றவர் அதைக் காட்டித்தான் தமக்குரிய நிலத்தையோ நிலுவைத் தொகையையோ பெற இயலும். தோற்றவர் அதை இணைத்துத்தான் மேல்முறையீடு செய்ய இயலும். திறந்த மன்றத்தில் தீர்ப்பு படிக்கப்பட்டதோடு நீதி முழுமையடைவதில்லை. அது எழுத்து வடிவில் உரியவர் கையைச் சென்றடைய வேண்டும். இக்கடைசிக் கட்டத்திலேயே ஏழை எளிய மக்கள் பெரிதும் இடர்ப்படுகின்றனர். கேரளத்தின் பாலக்காடு, இடுக்கி ஆகிய இரு மாவட்டங்களின் எல்லைப்புறத்தில் வாழும் தமிழ் மக்களுக்கோ இவ்விடர் இருமடங்காகிறது. ஒன்று, ஆவணம் எங்கே இருக்கிறது என்னும் சிக்கல். மற்றொன்று, அது எந்த மொழியில் இருக்கிறது என்னும் சிக்கல்.

எல்லைகள் மாறிய வரலாறு

முதற்சிக்கலைப் புரிந்துகொள்ள, இப்பகுதியின் ஆட்சி எல்லைகள் மாறிய வரலாற்றை அறிதல் இன்றியமையாதது. 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் கேரள மாநிலம் அமைவதற்கு முன்னர், பாலக்காடு சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அதனருகிலுள்ள சித்தூர், கொச்சி மன்னராட்சிக்கு உட்பட்டது. தேவிகுளமும் பீர்மேடும் திருவிதாங்கூர் மன்னராட்சியின் பகுதிகள். ஆகவே, அக்காலத்தில் பாலக்காட்டு வழக்கின் மேல்முறையீடு சென்னை உயர்நீதிமன்றத்திற்கும், சித்தூர் வழக்கின் மேல்முறையீடு கொச்சி உயர்நீதிமன்றத்திற்கும், தேவிகுளம் வழக்கின் மேல்முறையீடு திருவிதாங்கூர் உயர்நீதிமன்றத்திற்கும் சென்றன. 1949-இல் திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்தபோது எர்ணாகுளத்தில் பொது உயர்நீதிமன்றம் ஒன்று ஏற்பட்டது. 1956-இல் அதன் இடத்தைக் கேரள உயர்நீதிமன்றம் பெற்றது.

மாவட்ட எல்லைகளும் இவ்வாறே மாறின. பாலக்காடு மாவட்டம் 1957 ஜனவரி முதல் நாள் தோன்றியது; அதுவரை திருச்சூர் மாவட்டத்திலிருந்த சித்தூர் வட்டம் அதனுடன் சேர்ந்தது. இடுக்கி மாவட்டம் 1972 ஜனவரி 26-ஆம் நாள் உருவானது. அதற்கு முன்பு தேவிகுளம், உடும்பன்சோலை, பீர்மேடு ஆகிய வட்டங்கள் கோட்டயம் மாவட்டத்தைச் சார்ந்திருந்தன. தொடுபுழை எர்ணாகுளம் மாவட்டத்தில் இருந்தது. எல்லைக்கு அப்பாலும் இதே நிலைதான். தேனி மாவட்டம் 1996-இலும் திருப்பூர் மாவட்டம் 2009-இலும் அமைந்தன. போடிநாயக்கனூரைச் சார்ந்த பழைய வழக்கொன்று மதுரை மாவட்ட ஆவணங்களிலும், உடுமலைப்பேட்டையைச் சார்ந்தது கோயம்புத்தூர் மாவட்ட ஆவணங்களிலும் இருக்கக்கூடும். 2004-இல் மதுரையில் சென்னை உயர்நீதிமன்றக் கிளை தொடங்கப்பட்ட பின்னர், தேனி மாவட்ட மேல்முறையீடுகள் அங்கும், கோவை, திருப்பூர் மாவட்டங்களினுடையவை சென்னையிலும் நடைபெறுகின்றன.

இதனின்று பெறப்படும் முதல் விதி இதுவாகும்: இடம் இன்று எந்த மாவட்டத்தில் இருக்கிறது என்பதை மட்டும் பார்த்தல் போதாது, வழக்கு நடந்த ஆண்டில் அது எந்த ஆட்சியில், எந்த மாவட்டத்தில் இருந்தது என்பதையும் பார்த்தல் வேண்டும். ஆராய்ச்சி மாணவர்கள் நாடும் மிகப் பழைய ஆவணங்களுக்குத் திருவனந்தபுரம், எர்ணாகுளம், கோழிக்கோடு ஆகிய இடங்களிலுள்ள கேரள அரசு ஆவணக் காப்பகங்களும், சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகமும் அணுகத்தக்கவை.

வழக்கு எங்கு நடந்தது?

‘கோர்ட்டு காகிதம்’ என்று மக்கள் பொதுவாகக் குறிப்பிடுவன அனைத்தும் நீதிமன்றத்தில் இருப்பவை அல்ல. சொத்து, கடன், பாகப்பிரிவினை போன்ற உரிமையியல் வழக்குகள் முன்சீப் நீதிமன்றத்திலோ சார்பு நீதிமன்றத்திலோ தொடங்குகின்றன. குற்ற வழக்குகள் நீதித்துறை நடுவர் நீதிமன்றத்திலும், கடுமையானவை அமர்வு நீதிமன்றத்திலும் விசாரிக்கப்படுகின்றன. பாலக்காடு மாவட்டத்திற்குத் தலைமை நீதிமன்றம் பாலக்காடு நகரிலும், இடுக்கி மாவட்டத்திற்குத் தொடுபுழையை அடுத்த முட்டத்திலும் உள்ளன. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் மீதான வன்கொடுமை வழக்குகளுக்குத் தனி நீதிமன்றங்கள் உண்டு. அட்டப்பாடியில் 2018-இல் பழங்குடி இளைஞர் ஒருவர் அடித்துக் கொல்லப்பட்ட வழக்கில் 2023 ஏப்ரலில் தீர்ப்பு வழங்கியது மன்னார்க்காட்டிலுள்ள இத்தகைய சிறப்பு நீதிமன்றமேயாகும்.

ஆனால் நிலச்சீர்திருத்தச் சட்டத்தின்கீழ்க் குத்தகையாளரும் குடிகிடப்பாளரும் பெற்ற உரிமைகள் பற்றிய ஆவணங்கள் நிலத் தீர்ப்பாயத்தைச் சார்ந்தவை. அட்டப்பாடியில் பழங்குடியினரிடமிருந்து கைமாறிய நிலத்தை மீட்பதற்கான மனுக்கள், 1975-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழும் அதற்குப் பின்வந்த 1999-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழும், வருவாய்க் கோட்ட அலுவலரால் விசாரிக்கப்படுபவை. அவற்றைத் தேட வேண்டிய இடம் ஒற்றப்பாலம். மூணாற்றுத் தேயிலைத் தோட்டத் தொழிலாளியின் பணிநீக்க வழக்கு, தொழில் தீர்ப்பாயத்தில் நடந்திருக்கும். முன்சீப் நீதிமன்ற வாயிலில் இவற்றைக் கேட்டு நிற்பவர் பலமுறை வெறுங்கையுடன் திரும்ப நேர்வது, ஆவணம் தொலைந்துபோனதால் அன்று, வாயில் மாறிப்போனதால்.

உரிமையின் அடிப்படை

நீதிமன்ற ஆவணத்தின் நகலைக் கேட்பது சலுகை அன்று, உரிமை. பொது ஆவணங்களைப் பார்வையிடும் உரிமை உடையவருக்கு அவற்றின் சான்றிட்ட நகலை உரிய கட்டணம் பெற்றுக்கொண்டு வழங்க வேண்டுமென 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டம் விதித்திருந்தது. 2024 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த பாரதீய சாக்ஷிய அதிநியமும் தன் 75-ஆம் பிரிவில் இதே நெறியைத் தொடர்கிறது. சிறைத்தண்டனை விதிக்கப்பட்டவருக்குத் தீர்ப்பின் நகலை உடனடியாகவும் கட்டணமின்றியும் தர வேண்டும். காவல் நிலையத்தில் புகார் கொடுத்தவருக்கு முதல் தகவல் அறிக்கையின் நகல் இலவசமாக உரியது.

வழக்கில் தொடர்புடையவருக்கும் தொடர்பில்லாதவருக்கும் வேறுபாடு உண்டு. வாதியோ பிரதிவாதியோ எளிய விண்ணப்பத்தின் மூலமே நகல் பெறலாம். மூன்றாம் நபர் தமக்கு அந்நகல் எதற்குத் தேவை என்பதைப் பிரமாண வாக்குமூலத்தில் எடுத்துரைத்து, நீதிமன்றத்தின் அனுமதியைப் பெற்றாக வேண்டும். பாலியல் குற்றங்களில் பாதிக்கப்பட்டவர், சிறார் ஆகியோரின் அடையாளத்தை வெளிப்படுத்தும் ஆவணங்கள் பொதுமக்களுக்கு உரியவை அல்ல.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் நீதிமன்ற நகலைக் கேட்கலாமா என்னும் ஐயம் பலருக்கு எழுவதுண்டு. நீதிமன்றத்தின் விதிகளில் நகல் பெற வழி இருக்கும்போது அவ்வழியையே பின்பற்ற வேண்டுமென உச்ச நீதிமன்றம் 2020 மார்ச்சில் குஜராத் உயர்நீதிமன்றம் தொடர்பான வழக்கில் தெளிவுபடுத்தியது. எனினும் வருவாய்த்துறை, தொழிலாளர் துறை முதலிய அலுவலகங்களின் கோப்புகளுக்கு 2005-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் சிறந்த கருவியாகும். விண்ணப்பக் கட்டணம் 10 ரூபாய். வறுமைக்கோட்டிற்குக் கீழுள்ளோருக்கு அதுவும் இல்லை. 30 நாட்களுக்குள் விடை தரப்பட வேண்டும். எழுத இயலாதவரின் வாய்மொழி வேண்டுகோளை எழுத்தில் வடித்துத்தருவது தகவல் அலுவலரின் கடமை.

விண்ணப்பிக்கும் முறை

நகல் பெறுவதற்கு முதலில் தேவைப்படுவது வழக்கின் எண்ணும் ஆண்டும். அவை தெரியாதவர் நீதிமன்றங்களின் மின்னணுச் சேவைத் தளத்தில் தேடலாம். ஒவ்வொரு வழக்கிற்கும் சி.என்.ஆர். எனப்படும் 16 இலக்க அடையாளம் தரப்பட்டுள்ளது. அது தெரியாவிடின், கட்சிக்காரரின் பெயரும் ஆண்டும், அல்லது வழக்கறிஞரின் பெயர், அல்லது முதல் தகவல் அறிக்கையின் எண் கொண்டும் தேடலாம். எல்லைப்புற மக்கள் இங்கு ஒன்றைக் கருத்தில் கொள்ள வேண்டும். தமிழ்ப் பெயர் மலையாளத்தின் வழியாக ஆங்கில எழுத்துகளுக்குச் செல்லும்போது உருமாறுகிறது. பழனி என்னும் பெயரின் ழகரம் இருவேறு விதமாக எழுதப்படலாம்; கருப்பசாமி கருப்பஸ்வாமியாகலாம். ஒரு முறை தேடிக் கிடைக்காததால் வழக்கே இல்லையென்று முடிவு செய்தல் கூடாது. பல எழுத்துக்கூட்டல்களிலும் தேடுதல் வேண்டும். கணினி வசதியற்றோர்க்கு நீதிமன்ற வளாகங்களில் உள்ள மின்சேவை மையங்கள் உதவும்.

கணினியில் கிடைக்கும் தீர்ப்பு தகவலுக்கு மட்டுமே உரியது. பிற அலுவலகங்களில் சான்றாகக் காட்டச் சான்றிட்ட நகல் வேண்டும். அதற்கான விண்ணப்பத்தில் நீதிமன்றத்தின் பெயர், வழக்கு எண், கட்சிக்காரர் பெயர்கள், தீர்ப்பு நாள், வேண்டப்படும் ஆவணத்தின் பெயர் ஆகியவற்றைக் குறித்து, கட்டண வில்லை ஒட்டி அளித்தல் வேண்டும். நகல் கட்டணத்தைச் செலுத்துமாறு கோரப்படும் நாளில் அதைச் செலுத்தத் தவறினால் விண்ணப்பம் தள்ளப்பட நேரும். ஆகவே அறிவிப்புப் பலகையைக் கவனித்துவருதல் அவசியம். பழைய வழக்குகளில் எல்லாத் தாள்களும் கிடைக்குமென எதிர்பார்க்க இயலாது. 1917-ஆம் ஆண்டு ஆவண அழிப்புச் சட்டத்தின்கீழ் உயர்நீதிமன்றங்கள் வகுத்துள்ள விதிகளின்படி, குறித்த காலம் கழிந்தபின் பல தாள்கள் அழிக்கப்படுகின்றன. எனவே மூலப் பத்திரங்களை வழக்கில் தாக்கல் செய்தவர்கள், வழக்கு இறுதியாக முடிந்தவுடன் அவற்றைத் திரும்பப் பெற்றுக்கொள்வது அறிவுடைமை.

காலக்கெடு

முன்சீப் நீதிமன்றத் தீர்ப்பின்மீது மாவட்ட அளவில் மேல்முறையீடு செய்ய 30 நாட்களும், உயர்நீதிமன்றத்தில் செய்யப்படும் உரிமையியல் மேல்முறையீட்டுக்கு 90 நாட்களும் 1963-ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டத்தில் விதிக்கப்பட்டுள்ளன. நகல் பெறுவதற்குத் தேவைப்பட்ட காலத்தை இக்கணக்கிலிருந்து கழித்துக்கொள்ள அச்சட்டத்தின் 12-ஆம் பிரிவு இடமளிக்கிறது. ஆனால் விண்ணப்பிப்பதற்கு முன் வீணான நாட்களும், நகல் ஆயத்தமான பின் வாங்காமல் கழித்த நாட்களும் கழிக்கப்படமாட்டா.

இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஜூன் முதல் நாள் தீர்ப்பு வழங்கப்பட்டதெனக் கொள்வோம். ஒருவர் ஜூன் 5-இல் விண்ணப்பித்து, 25-இல் நகல் ஆயத்தமானால், அந்த இடைப்பட்ட 21 நாட்கள் அவர் கணக்கில் சேரா. ஜூலை 22 வரை அவருக்கு அவகாசம் உண்டு. மற்றொருவர் மலைமேலிருந்து இறங்கி வருவதற்கே தயங்கி, ஜூலை 5-இல் விண்ணப்பித்தால், அதற்கு முன்னரே அவருடைய 30 நாட்களும் கடந்துவிட்டன. தாமதத்தை மன்னிக்குமாறு தனி மனு போட்டு, ஒவ்வொரு நாளுக்கும் காரணம் கூறும் நிலைக்கு அவர் ஆளாகிறார். சட்டம் இருவருக்கும் ஒன்றே. அதை அறிந்தமையே வேறுபாடு. வென்றவருக்கும் ஓர் எல்லை உண்டு: தீர்ப்பாணையை 12 ஆண்டுகளுக்குள் நிறைவேற்றிக்கொள்ளாவிடில் அது பெரும்பாலும் வெறுந்தாளாகிவிடும்.

மொழிச் சிக்கல்

1969-ஆம் ஆண்டுக் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுச் செயலகத்துடனும், துறைத் தலைவர்களுடனும், மொழிச் சிறுபான்மைப் பகுதிகளாக அறிவிக்கப்பட்ட இடங்களிலுள்ள அரசின் அலுவலகங்களுடனும் தமிழிலேயே கடிதத் தொடர்பு கொள்ள இடமளிக்கிறது; விடையும் தமிழிலேயே தரப்பட வேண்டும். குறைகளைக் களையுமாறு எந்த அதிகாரியிடமும் ஒன்றியத்திலோ மாநிலத்திலோ வழங்கும் மொழிகளில் முறையிடும் உரிமையை அரசியலமைப்பின் 350-ஆம் பிரிவு அளிக்கிறது. வருவாய், உள்ளாட்சி, தொழிலாளர் நலம் ஆகிய துறைகளின் ஆவணங்களைக் கோருவோர் இவ்வுரிமையைத் தயங்காது பயன்படுத்தலாம்.

நீதிமன்றத்தின் நீதிசார்ந்த பணிக்கு இச்சலுகை தானாகவே பொருந்துமெனக் கொள்ளல் இயலாது. கேரளக் கீழமை நீதிமன்றங்களின் நடைமுறை மொழிகள் ஆங்கிலமும் மலையாளமுமேயாகும். தமிழ் மட்டுமே அறிந்த தொழிலாளி, தம் கையிலுள்ள தீர்ப்பு தமக்குச் சாதகமா பாதகமா என்பதையே பிறர் சொல்லக் கேட்டறிய வேண்டியவராகிறார். அச்சொல் தவறாயின் மேல்முறையீட்டுக் காலமும் தவறிவிடும்.

இங்குத்தான் 1987-ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டம் துணைநிற்கிறது. பெண்கள், சிறார், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள், தொழிலாளர்கள், காவலில் உள்ளோர் ஆகியோர் வருமானம் எதுவாயினும் இலவசச் சட்ட உதவிக்கு உரியவர்கள். ஆதலின் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களில் பெரும்பாலானவை இவ்வரம்பிற்குள் அடங்கும். நகல் பெறுதலும் மொழிபெயர்ப்பும் இவ்வுதவியின் பகுதிகளாகக் கேட்கத்தக்கவை. மாவட்டச் சட்டப்பணி ஆணையத்தையோ வட்டக் குழுவையோ நேரில் அணுகலாம். 15100 என்னும் தொலைபேசி எண்ணிலும் உதவி கோரலாம்.

செய்யத்தக்கவை

எல்லைப்புற அலுவலகங்களில் பணியாற்றுவோர் கருத்தில் கொள்ளத்தக்க செயல்கள் சில உள. எந்த வகை ஆவணம் எந்த அலுவலகத்தில் உள்ளது என்பதைக் காட்டும் தமிழ், மலையாள அறிவிப்பு ஒன்றை ஒவ்வொரு கிராம அலுவலகத்திலும் வைப்பது பெருஞ்செலவு பிடிப்பதன்று. நகல் விண்ணப்பத்தின் மாதிரிப் படிவத்தைத் தமிழ் விளக்கத்துடன் அளிப்பது எளிது. ‘இங்கு இல்லை’ என்னும் விடையுடன் நிறுத்தாது, ‘இன்ன இடத்தில் இருக்கும்’ என்று எழுதிக்கொடுப்பது ஒரு தொழிலாளியின் ஒரு நாள் கூலியைக் காப்பாற்றும். சட்டம் பயிலும் மாணவர்கள், சட்டப்பணி ஆணையத்தின் தன்னார்வலர்களாகத் தோட்டக் குடியிருப்புகளுக்குச் சென்று, மக்களின் கையிலுள்ள தாள்களைப் படித்துச் சொல்வதே சிறந்த சமூகப் பணியாகும்.

குடும்பங்களும் ஒரு பழக்கத்தை மேற்கொள்ளல் நலம். வழக்கு எண், ஆண்டு, நீதிமன்றத்தின் பெயர், தீர்ப்பு நாள் ஆகிய நான்கையும் குடும்ப அட்டையுடன் ஒரே உறையில் எழுதி வைத்திருந்தால், அடுத்த தலைமுறை அவ்வழக்கைத் தேடி மூன்று மாவட்டங்களில் அலைய வேண்டியதில்லை. மாநிலத்தின் எல்லைக்கோடுகள் பலமுறை மாறியுள்ளன, மாவட்டங்கள் பிரிந்துள்ளன, சட்டங்களின் பெயர்களும் மாறியுள்ளன. அம்மாற்றங்களுக்கிடையே ஓர் எளிய மனிதரின் உரிமை நிலைபெறுவது, அவர் உரிய நாளில் கேட்டுப் பெற்று வைத்திருக்கும் அந்த ஒரு நகலினாலேயே.