கருஞ்சீரக எண்ணெயும் இளைப்பு நோயும்

(மருத்துவ விழிப்புணர்வுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)





தை பிறந்து சம்பா அறுவடை நடக்கிறது. விடியலில் பனி, பகலில் கதிரடிக்கும் தூசி. நம் தஞ்சைப் பகுதியில் இளைப்பு உள்ளவர்களுக்கு இதுதான் கஷ்டமான காலம். கருஞ்சீரக எண்ணெய் பாட்டில் அலமாரியிலிருந்து இறங்குவதும் இப்போதுதான். கருஞ்சீரகத்தின் சிறப்பைச் சொல்லும் நபிமொழி ஸஹீஹுல் புகாரியின் மருத்துவப் பாடத்தில் இருப்பதை நாம் அறிவோம்.

என் அத்தாவுக்கு இருபது வருட இளைப்பு. ஓர் அறுவடைக் காலத்தில் இந்த எண்ணெயைத் தேனில் கலந்து சாப்பிட்டார்கள். நெஞ்சு லேசானது என்றார்கள். குணமாகிவிட்டது என்று நம்பி, தினமும் உறிஞ்சும் இன்ஹேலரைப் பீரோவில் வைத்துவிட்டார்கள். பத்தாம் நாள் நள்ளிரவில் மூச்சுத் திணறியது. மருத்துவமனை போய்ச் சேர்வதற்குள் உதடு நீலம் பாரித்துவிட்டது. அல்லாஹ் காப்பாற்றினான்.

எண்ணெயை நான் குறை சொல்லவில்லை. இளைப்பில் மூச்சுக்குழாயின் உட்சுவர் வீங்கியிருக்கும். தினசரி இன்ஹேலர் அந்த வீக்கத்தை அடக்கி வைக்கிறது. நிறுத்தினால் மறுநாளே தெரியாது. வீக்கம் மெல்லத் திரும்பி வரும். அதனால்தான் ஏமாந்து போகிறோம்.

சவூதியில் 80 ஆஸ்துமா நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2017-இல் வெளியானது. பாதிப் பேருக்குக் கருஞ்சீரக எண்ணெய் 500 மில்லிகிராம், தினம் இருவேளை, நான்கு வாரம் கொடுத்தார்கள். அவர்களுக்கு இளைப்பு ஓரளவு கட்டுப்பட்டது. சிறிய ஆய்வுதான். அதிலும் எண்ணெய் துணையாகத்தான் கொடுக்கப்பட்டது. மருந்துக்குப் பதிலாக அல்ல.

ஆகவே சில வேண்டுகோள்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுவோர் டாக்டரிடம் கேட்டுவிட்டே எண்ணெய் தொடங்குங்கள். கர்ப்பிணிகள் மருந்தாகக் குடிக்க வேண்டாம். குழந்தைகளின் மூக்கில் எந்த எண்ணெயும் விடாதீர்கள், நுரையீரலுக்குள் இறங்கிவிடும். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேனும் கூடாது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை செய்யுங்கள், அது இலவசம்.

நோய்க்கு மருந்து தேடுவதும் நபிவழிதான். எண்ணெய் பாட்டிலுக்குப் பக்கத்திலேயே இன்ஹேலரும் இருக்கட்டும். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இன்றிரவே ஒரு வார்த்தை கேளுங்கள்: “இன்ஹேலர் எடுத்தீங்களா?” அன்று நான் அத்தாவிடம் கேட்கவில்லை.

அல்லாஹ் நம் அனைவருக்கும் பூரண ஆரோக்கியத்தைத் தருவானாக. ஆமீன்.