பதினேழு அம்சங்களுள் ஒன்பதாவது



திபெத்தைப் பற்றிப் பேசுவோர் பனிமலையையும் இலாமாக்களையும் வியந்து பேசி அமர்ந்துவிடுவர். நாம் இன்று ஓர் உடன்படிக்கையைப் பற்றிப் பேச எழுந்தோம்.

1950 ஒக்டோபரில் சீனப் படை சம்தோவைக் கைப்பற்றியது. அதன்பின், 1951 மே 23ஆம் நாள், பீக்கிங்கில் பதினேழு அம்ச உடன்படிக்கை ஒப்பமாயிற்று. படை உள்ளே புகுந்தபின் எழுதப்படுவது எத்தகைய உடன்படிக்கை என்பதை விளக்க வேண்டுவதில்லை. ஆயினும் எழுத்திலே குறையில்லை. தலாய் லாமாவின் அதிகாரம் மாற்றப்படாது, மடங்கள் காக்கப்படும், ஒன்பதாம் அம்சத்தின்படி திபெத்தியரின் பேச்சும் எழுத்தும் கல்வியும் படிப்படியாக வளர்க்கப்படும்.

எட்டாண்டுகள் சென்றன. 1959 மார்ச்சில் இலாசா மக்கள் கிளர்ந்தெழுந்தனர், ஒடுக்கப்பட்டனர். தலாய் லாமா இந்தியாவில் அடைக்கலம் புகுந்தார். திபெத்தியரின் உரிமைகளையும் தனிப் பண்பாட்டையும் மதிக்குமாறு அவ்வாண்டு ஒக்டோபரில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை தீர்மானித்தது. ஆதரித்தோர் 45, எதிர்த்தோர் 9, வாக்களியாது ஒதுங்கியோர் 26. ஒதுங்கியோருள் இந்தியாவும் இருந்தது. நம் இலங்கையும் இருந்தது!

இங்கு வந்துள்ள கமக்காரர்களுக்கு ஒன்று சொல்வோம். வாற்கோதுமையை வறுத்து அரைத்த மாவே திபெத்தியரின் நாளாந்த உணவு. கொம்யூன் காலத்திலே, அது விளைந்த வயல்களில் கோதுமை விதைக்குமாறு கட்டளை பிறந்தது. உழுபவனை யார் கேட்டார்?

மொழிக்கு வருவோம். அது எழுத்தில்லாத மலைவாசிப் பேச்சன்று. காஞ்சியில் வாழ்ந்த தண்டியாசிரியரின் வடமொழி அணிநூல் நம்மிடம் தண்டியலங்காரமாக வந்தது. அதே நூல் 13ஆம் நூற்றாண்டில் திபெத்து மொழிக்கும் சென்றது. அந்நாட்டுப் புலவர்கள் அதனைக் கற்றே செய்யுள் செய்தனர். இன்றோ, ஏறத்தாழ பத்து இலட்சம் திபெத்துப் பிள்ளைகள் விடுதிப் பள்ளிகளில் பெரும்பாலும் சீனமொழியிலேயே பயில்கின்றனர் என்று ஐக்கிய நாடுகளின் மனித உரிமை நிபுணர்கள் 2023இல் எடுத்துரைத்தனர்.

சிங்காய் மாகாணத்து யுஷுவில் தாஷி வாங்சுக் என்றொரு கடைக்காரர். தனிநாடு கேட்டாரல்லர். சீன அரசியலமைப்பின் நான்காம் உறுப்பு ஒவ்வோர் இனத்துக்கும் தன் மொழியைப் பயன்படுத்தும் உரிமையை வழங்குகிறதே, அதன்படி பள்ளியில் திபெத்து மொழி கற்பியுங்கள் என்றார். 2015இல் அமெரிக்கப் பத்திரிகையொன்று எடுத்த படத்திலும் அதையே சொன்னார். 2016 சனவரியில் கைதானார்; பிரிவினையைத் தூண்டினார் என்று 2018இல் ஐந்தாண்டுச் சிறை விதித்தனர். மன்றிலே அவருக்கெதிராகக் காட்டிய முதற் சான்று, அவர் பேசிய அந்தப் படமே.